இருபத்தைந்தாவது கேள்வி

அன்புள்ள ஐயா,

குற்றம் செய்து, மனநோய் காரணமாக நீதிமன்ற ஆணைப்படி பூட்டிய மருத்துவமனையில் இருப்பவர்களிடம் வாழ்க்கைத்தரக் கேள்வித்தாளை நிரப்பி வாங்குவது என் வேலை. பெரும்பாலோர் உயர்ந்த மதிப்பெண்ணே போடுகிறார்கள். நிம்மதியாகத்தான் இருக்கிறார்கள் போலும். இவர்களுக்கு இந்த அளவீடு தேவைதானா? எந்தக் கேள்வித்தாள் சிறந்தது?

எம்.

அன்புள்ள எம்.,

உங்கள் கடிதம் வந்தபோது சித்தப்பாவைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். எந்தத் தாள் சிறந்தது என்பதை உங்கள் துறையினர் பார்த்துக்கொள்ளட்டும். தேவைதானா என்கிறீர்கள். நோயாளி என்று உள்ளே வைத்துவிட்டு, எப்படி இருக்கிறாய் என்று கேட்காமல் என்ன வைத்தியம்?

சித்தப்பா அப்படியோர் இடத்தில் ஒன்பது ஆண்டுகள் இருந்தார். ஒருமுறை நான் போனபோது உலக சுகாதார நிறுவனத்தின் 26 கேள்விகள் கொண்ட தாள் அவர் முன்னால் இருந்தது. கடந்த இரண்டு வாரங்களை நினைத்து, 1 முதல் 5 வரை ஓர் எண்ணை வட்டமிட வேண்டும். 25ஆவது கேள்வி, போக்குவரத்து வசதி திருப்தியா என்பது. நான்கு பூட்டுகளுக்கு உள்ளே இருந்த மனிதர் நிதானமாக 5ஐ வட்டமிட்டார். பேனாவைத் திரும்ப வாங்குவதற்காக ஊழியர் பக்கத்திலேயே நின்றிருந்தார். அவர் போன பிறகு ஏன் என்று கேட்டேன். "குறைத்துப் போட்டால் இன்னும் தெளியவில்லை என்று எழுதிவிடுவார்களடா" என்றார்.

உங்களுக்கு வந்த மதிப்பெண்களில் இந்தப் பயம் எவ்வளவு என்று ஒருநாளாவது யோசித்தீர்களா? தாளை வாங்குகிறவர்களும் விடுதலைக்கு அறிக்கை எழுதுகிறவர்களும் ஒரே இடத்து ஆட்கள் என்று அவர்களுக்குத் தெரியும். அந்தத் தாள் யார் கைக்குப் போகும் என்று சொன்னீர்களா? அவர்கள் நிரப்பும்போது நீங்கள் எங்கே நின்றீர்கள்? பயமில்லாதவர்கள்கூட ஆண்டுகள் போகப்போக ஆசைகளைக் குறைத்துக்கொள்கிறார்கள். ஆசை குறைந்தால் திருப்தி கூடத்தான் செய்யும். அதைப் போய் நிம்மதி என்று எழுதியிருக்கிறீர்களே!

ஒரு செவிலியர் மட்டும் தாளில்லாமல் வந்து உட்கார்ந்து, இங்கே என்ன இருந்தால் நன்றாயிருக்கும் என்று கேட்டாராம். விளக்கு சுவிட்ச் என்றாராம் சித்தப்பா. அது அறைக்கு வெளியே, வராந்தாவில் இருந்தது. வேறு யாராவது அணைத்தால்தான் அவருக்கு இருட்டு.

அவர் செய்ததை மறந்து பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். கத்தி பட்டது என் அப்பாவின் தோளில். மாதந்தவறாமல் அவரைப் பார்க்கப் போனதும் அப்பாதான்.

அடுத்த முறை தாள் கொடுக்கும்போது, அதை யார் படிப்பார்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். அதன்பின் மதிப்பெண் இறங்கினால் பதறாதீர்கள். எனக்கு எழுதுங்கள்.