அந்தப் பழைய கவர்களை என்ன செய்தீர்கள்?

அன்புள்ள ஐயா,

என் அப்பா ஓவியர். அறுபதுகளின் கடைசியில் சென்னை ஓவியக் கல்லூரியில் படித்தவர். பெயர் சொன்னால் சிலருக்குத் தெரியும், அவ்வளவுதான். சென்ற ஆண்டு தவறிவிட்டார். கான்வாஸ்களை அண்ணன் எடுத்துப் போய்விட்டான். மிச்சம் ஒரு பீரோ, இரண்டு டிரங்குப் பெட்டி. எச்சிங் (உலோகத் தட்டில் அமிலத்தால் அரித்து அச்சடிப்பது), லினோகட் (லினோலியத்தில் செதுக்கி அச்சடிப்பது) பிரிண்டுகள், கடிதங்கள், கல்லூரி நாளிலிருந்து சேர்ந்த புகைப்படங்கள், நெகட்டிவ்கள். விடுமுறையில் உட்கார்ந்து பாதியை ஒழுங்குபடுத்தினேன். குப்பைகளைக் கழித்து, படங்களை அளவுவாரியாக அடுக்கி, கிழிந்தவற்றை டேப் போட்டு ஒட்டினேன். எந்த ஸ்கேனர் வாங்கலாம்? லேமினேட் செய்தால் நிற்குமா? நெகட்டிவ் டப்பாவைத் திறந்தால் வினிகர் மாதிரி வாடை அடிக்கிறதே, ஏன்? முகநூலில் போட்டால் உரிமைச் சிக்கல் வருமா? யாரிடமாவது கொடுத்துவிடலாமா? அம்மாவுக்கு எண்பது நெருங்குகிறது, வீடும் மாற்றப்போகிறோம்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

அன்புள்ள வாசகிக்கு,

"குப்பைகளைக் கழித்து" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தக் குப்பை இப்போது எங்கே? மூட்டையாகக் கட்டி மாடிப்படிக்குக் கீழே கிடந்தால் பழைய பேப்பர் கடைக்குப் போகவிடாமல் உடனே எடுத்து உள்ளே வையுங்கள். போட்டாகிவிட்டது என்றால் சரி, போனது போகட்டும், மிச்சப் பாதியில் இன்னும் கொஞ்ச நாளுக்குக் கை வைக்காதீர்கள். கோபமாகத்தான் எழுதுகிறேன். ஆனால் அப்பா போன ஒரு வருஷத்துக்குள் இவ்வளவு அக்கறையோடு பெட்டியைத் திறந்து உட்காருகிற பிள்ளைகள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். பெரும்பாலான வீடுகளில் கான்வாஸைப் பங்கு பிரித்ததோடு கதை முடிந்துவிடும். விலை அதற்குத்தானே.

லேமினேஷன் கூடவே கூடாது. சூடும் பசையும் காகிதத்தோடு ஒன்றிப்போனால் பிரம்மாவே வந்தாலும் பிரிக்க முடியாது. டேப்பையும் நிறுத்துங்கள். ஒட்டியதைப் பிய்க்கவும் வேண்டாம், எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930இல் தொடங்கிய வேதியியல் பாதுகாப்புக் கூடம் இருக்கிறது, அங்கே போய்க் காட்டிக் கேளுங்கள். வினிகர் வாடை என்றால் அசிடேட் ஃபிலிம் சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அதிலிருந்து வருகிற அமில ஆவி பக்கத்தில் இருக்கும் நல்ல நெகட்டிவையும் கெடுக்கும், அதனால் அவற்றைத் தனியாகப் பிரித்து, காற்றுப் படும்படி காகித உறையில் குளுமையான இடத்தில் வையுங்கள். ஸ்கேன் செய்வதானால் முதலில் இவைதான். எந்த ஸ்கேனர் என்று எனக்கு அபிப்பிராயம் கிடையாது, நெகட்டிவும் ஸ்கேன் பண்ணக்கூடிய ஏதோ ஒன்று.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். காலமான ஓர் ஓவியரைப் பற்றி எழுதலாம் என்று கொஞ்ச நாளாக அலைந்துகொண்டிருக்கிறேன். அவர் வீட்டுக்குப் போனபோது புத்தம்புது ஆல்பங்களை எடுத்துக் காட்டினார்கள். பிளாஸ்டிக் தாளைத் தூக்கிப் படத்தை ஒட்டுகிற ரகம், பசையே படத்தைத் தின்றுவிடும், அது வேறு விஷயம். ஒரு படத்தில் மணலில் ஐந்து பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். பின்னால் பாதி தெரிகிற ஓலைக் கொட்டகை. ஒருவர் கையில் சுருட்டிய காகிதம், இன்னொருவர் கேமராவைப் பார்க்காமல் எங்கோ பார்த்துச் சிரிக்கிறார். யார் இவர்கள், எந்த வருஷம்? யாருக்கும் தெரியவில்லை. "எல்லாம் ஒரு பழுப்புக் கவரில் இருந்ததுங்க, அப்பா மேலே பென்சிலில் என்னமோ எழுதியிருந்தார், கவர் நைந்துபோச்சு, அதான் தூக்கிப் போட்டுட்டு நீட்டா ஆல்பம் போட்டோம்" என்றார் மகன். காபி வேறு கொடுத்து உபசரிக்கிறார்கள். என்னத்தைச் சொல்ல?

அந்த "என்னமோ"தான் எனக்கு வேண்டியிருந்தது. சரி, எழுத்துக்கூட வேண்டாம், எது எதோடு ஒரே கவரில் கிடந்தது என்பது தெரிந்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். ஒரு கண்காட்சி அழைப்பிதழ், அதோடு ஒரு ரயில் டிக்கெட், நாலு புகைப்படம், படத்துக்குச் சட்டம் போட்டவனுக்குக் கொடுத்த காசின் ரசீது. நாலும் சேர்ந்திருந்தால் ஒரு நடந்த கதை. நீங்கள் செய்தது போல அளவுவாரியாகப் பிரித்துவிட்டால் அது நாலு துண்டுக் காகிதம். அதில் ரயில் டிக்கெட்டும் ரசீதும் நேராகக் குப்பைக்குத்தானே போயிருக்கும்? ஆவணக் காப்பகத்தில் வேலை செய்பவர்கள் வந்த வரிசையைக் கலைக்கக் கூடாது என்று தலைப்பாடாக அடித்துக்கொள்வது இதனால்தான்.

அந்த ரசீதில் என்ன பெரிய விஷயம் என்கிறீர்களா? 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் சென்னையை ஒட்டிய ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கினார்கள். நிலம் வாங்கியது ஓவியம் விற்ற காசிலா? பத்திக் துணியும் (மெழுகு வைத்துச் சாயம் ஏற்றியது) கைவினைப் பொருளும் விற்றுச் சேர்த்த காசில். அப்பேர்ப்பட்ட காலத்துக் கலை வரலாறு கான்வாஸில் எழுதியிருக்காது, துணிக் கணக்கு நோட்டில்தான் இருக்கும். கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதிய கலைஞர். புத்தகங்களோடு நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை எல்லாம் சேர்த்தார், 1992இல் அவர் காலமான பிறகு அந்தச் சேகரிப்பிலிருந்துதான் சென்னையில் அவர் பெயரிலேயே நூலகம் வந்தது. இன்றைக்கு ஆய்வாளர்கள் அங்கே வரிசையில் நிற்கிறார்கள்.

பிரிண்டுகளிலும் இதே கூத்து நடந்திருக்கும் என்று பயமாக இருக்கிறது. கீழ் ஓரத்தில் பென்சிலால் 3/15 (பதினைந்து பிரதியில் மூன்றாவது) என்று எண் போட்டு, வலது பக்கம் கையெழுத்துப் போட்டவற்றைப் பத்திரமாக எடுத்து வைத்திருப்பீர்கள். மை அப்பியது, ஒரு மூலை வெளுத்தது, மேலேயே சாக்பீஸால் கிறுக்கியது, இவற்றை "சரியாக வரவில்லை" என்று கழித்திருப்பீர்கள். அவைதான் சோதனைப் பிரதிகள். தட்டை அமிலத்தில் எத்தனை தடவை இறக்கினார், எந்தக் கோட்டைப் பிறகு அழித்தார் என்பதெல்லாம் அவற்றில்தான் தெரியும். சட்டத்துக்கு அடங்கவில்லை என்று ஓரத்தை வெட்டிவிடாதீர்கள். செப்புத் தட்டோ துத்தநாகத் தட்டோ கிடைத்தால் மறுபடி அச்சடித்து விற்கலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள், அவர்களுக்கு டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

வங்கப் பஞ்சத்தில் ஊர் ஊராக நடந்து வரைந்தாரே சித்தப்பிரசாத், அவருடைய 'ஹங்கிரி பெங்கால்' புத்தகம் 1943இல் வந்தபோது ஆங்கிலேய அரசு பிரதிகளைப் பறிமுதல் செய்து எரித்தது. வீட்டார் வைத்திருந்த ஒரு பிரதி தப்பியதால்தான் பின்னால் அதை மறுபடி அச்சிட முடிந்தது. வீட்டார் என்றால் உங்களை மாதிரி ஆட்கள்.

யாரிடம் கொடுப்பது என்பதை நிதானமாக யோசிக்கலாம். குஜராத்தில் அச்சுக்கலையோடு கேமராவையும் தூக்கிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போன ஜோதி பட்டின் புகைப்படத் தொகுப்பு இன்று பெங்களூர் 'மேப்' கலை, புகைப்பட அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பரோடா ஓவியர்கள் பலரின் ஆவணங்களை ஹாங்காங்கின் ஆசியா ஆர்ட் ஆர்கைவ் என்ற கலை ஆவணக் காப்பகம் ஸ்கேன் செய்து இணையத்தில் வைத்திருக்கிறது. அப்படி யாராவது வந்தாலும் முதலில் கேட்பது "என்ன இருக்கிறது, பட்டியல் உண்டா" என்றுதான். உரிமை விஷயம் சுலபம். அப்பா காலமான ஆண்டு முடிந்து 60 வருஷம் வரை அவர் படைப்புகளின் உரிமை வாரிசுகளுக்கு, உயில் வேறு மாதிரி இல்லாதவரை. அவருக்கு வந்த கடிதங்களில் காகிதம் உங்களுடையது, எழுத்து எழுதியவருடையது. அதை முகநூலில் போடுவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்கேனருக்கு முன்னால் அம்மா. எண்பது நெருங்குகிறது என்று கடைசி வரியில் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போகிறீர்களே! தினம் சாயங்காலம் பத்துப் படம் போதும். ஃபோனில் ரெக்கார்டரைப் போட்டுவிட்டு, கவரிலிருந்து எடுத்த வரிசையிலேயே காட்டுங்கள். இது யார் என்று மட்டும் கேட்காதீர்கள், இது யார் வீடு, எதற்குப் போனீர்கள் என்று கேளுங்கள். பெயர்களைப் படத்தின் பின்னால் ஓரமாக மெல்லிய பென்சிலில் எழுதுங்கள். பால்பாயிண்ட் அழுந்தி முன்பக்கம் தெரியும். பென்சில் பிடிக்காத வழவழப்பான தாளானால் கவர் மேல் எழுதி உள்ளே போடுங்கள். அப்பா இருக்கிற படங்களில் கேமரா அப்பா கையில் இருந்திருக்காது, எடுத்தது யார் என்றும் கேளுங்கள். அம்மாவாகவே இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

வீடு மாற்றும்போது பீரோவை பேக்கர்ஸ் ஆட்களிடம் விடாதீர்கள். ஒவ்வொரு தட்டையும் இருக்கிறபடியே ஃபோனில் படம் எடுத்து, தட்டுக்கு ஓர் அட்டைப்பெட்டி என்று எண் போட்டு மாற்றுங்கள். உங்கள் அண்ணனையும் கூப்பிடுங்கள். கான்வாஸ் எடுத்துக்கொண்டு போனவர் ஒரு டிரங்குப் பெட்டியையாவது தூக்கட்டும்.