பதில்: பழைய கண்ணாடி விளக்கின் பித்தளை வளையம் ஆடுகிறது

வணக்கம். அமெரிக்க மண்ணெண்ணெய் விளக்கின் கழுத்து வளையம் கழன்று ஆடுகிறது, ஃபெவிகுவிக் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். 19ஆம் நூற்றாண்டில் ஆலையிலேயே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வைத்துத்தான் அதை ஒட்டினார்கள். மண்ணெண்ணெய் ஊறி ஊறி அது பொடிந்துபோகும், அவ்வளவுதான். பழைய பிளாஸ்டரை மரக்குச்சியால் மெதுவாகச் சுரண்டுங்கள். வெந்நீர் ஊற்றினால் கண்ணாடி விரிசல் விடலாம், ஜாக்கிரதை. வளையத்தில் பர்னர் திருகும் மரையில் துளி வாஸ்லைன் தடவி, தயிர்ப் பதத்தில் புது பிளாஸ்டர் குழைத்து வளையத்துக்குள் அப்பி, கோணாமல் அமர்த்தி, நன்றாகக் காயவிடுங்கள்.

விளக்கின் கண்ணாடி ஊதிச் செய்ததா, அச்சில் அழுத்தி வார்த்ததா என்று கண்டுபிடிக்க: எண்ணெய்க் கிண்ணத்துக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். வெளியே இருக்கும் பூவேலை உள்ளேயும் மேடுபள்ளமாகத் தெரிந்தால் அச்சுக்குள் ஊதியது. உள்பக்கம் வழுவழுவென்று இருந்தால் பெரும்பாலும் அழுத்தி வார்த்தது. உருகிய கண்ணாடியை அச்சில் விட்டு, மேலிருந்து இரும்புத் தண்டை இறக்கி அழுத்துவார்கள். மாசசூசெட்ஸின் சாண்ட்விச்சில் 1825இல் தொடங்கிய ஆலை இந்த வேலைக்கே பேர்போனது. அங்கே ஊதிய கிண்ணத்தையும் அழுத்தி வார்த்த பாதத்தையும் நடுவில் சூடான கண்ணாடி வில்லை (சின்ன வட்டத் துண்டு) வைத்து இணைத்த விளக்குகளும் உண்டு. உங்களுடையதில் அந்த வில்லை தெரிகிறதா? கிண்ணமும் பாதமும் சேரும் தண்டுப் பகுதியை மட்டும் கிட்டத்தில் ஒரு படம் எடுத்துப் போடுங்கள்.