மற்ற மதங்களின் புனித நூல்களைப் படித்தால் நம் மத நம்பிக்கை ஆட்டம் காணுமா?

இப்படி ஒரு கேள்வி சும்மா வராது. நீங்கள் பைபிளையோ குர்ஆனையோ கையில் எடுத்திருப்பீர்கள், வீட்டில் பெரியவர் யாரோ சத்தம் போட்டிருப்பார். எனக்கு அதுதான் நடந்தது, அதனால் உங்களுக்கும் அப்படித்தான் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

கொடைக்கானலுக்கு மேலே பூம்பாறையில் பூண்டு போடுகிறவன் நான். எங்கள் ஊர் முருகன் குழந்தை வேலப்பர்தான் எங்கள் குலத்துக்கே எல்லாம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் மதம் மாறவில்லை, மாறும் எண்ணமும் இல்லை, மாறியவர்களைக் குறை சொல்லவும் வரவில்லை. வேஷம் போடுகிறான் என்று நினைப்பவர்கள் முழுசாகப் படித்துவிட்டு நினைக்கட்டும்.

செண்பகனூரில் கூடப் படித்த நண்பன் கத்தோலிக்கன். அவன்தான் எனக்குத் திருவிவிலியம் கொடுத்தான். 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு, தமிழ் எளிதாகப் போகும். அதைச் சாமி அலமாரியில் திருப்புகழுக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். தேருக்கு வந்த பெரியப்பா கண்ணில் பட்டுவிட்டது. வந்திருந்த சொந்தக்காரர்கள் எல்லார் முன்னாலும், "என்னடா, ஞானஸ்நானம் எப்போ?" என்று கேட்டார். அம்மா முகம் போன போக்கை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. தினமும் சஷ்டி கவசம் சொல்லாமல் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டார். ஆனால் ஒரு புத்தகத்தை வீட்டில் வைத்திருந்தாலே சாமி கோபித்துக்கொள்ளும் என்றால், அப்படிப்பட்ட சாமியை அருணகிரிநாதர் பாடவில்லை. அந்தச் சண்டைக்குப் பிறகுதான் எங்கள் நூல்களையே உட்கார்ந்து படித்தேன். அருணகிரிநாதரின் கந்தர் அனுபூதி 51 பாட்டு. திருமுருகாற்றுப்படை 317 அடி. அதில் வரும் ஆவினன்குடி எங்கள் மலையடிவாரத்துப் பழனிதான். அனுபூதியின் கடைசிப் பாட்டு "உருவாய் அருவாய் உளதாய் இலதாய்" என்று தொடங்குகிறது. சின்ன வயதிலிருந்து பாடிய பாட்டுதான். உருவம் உள்ளவன், உருவம் இல்லாதவன், இருப்பவன், இல்லாதவன் என்று ஒரே மூச்சில் சொல்லி, குருவாக வா என்று கூப்பிடுகிறார். இவ்வளவு பெரிய வாசலைத் திறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார் அவர். நாம்தான் உள்ளே பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

அப்புறம் குர்ஆன். வடுகபட்டியில் நான் பூண்டு போடும் கமிஷன் மண்டியில் ஒரு பாய் கணக்குப் பார்க்கிறார். லோடு இறங்கக் காத்திருக்கும் நேரத்தில் அவரிடம்தான் கேட்டேன். கை கழுவிவிட்டு எடுங்கள், தரையில் வைக்காதீர்கள் என்று மட்டும் சொல்லித் தமிழ் மொழிபெயர்ப்பைக் கொடுத்தார். முதல் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டாம், 12ஆவது அத்தியாயம் யூசுஃப் படியுங்கள் என்றார். பைபிளில் யோசேப்பாக நான் ஏற்கெனவே படித்த அதே ஆள்.

இங்கேதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. அந்தச் சட்டையைப் பாருங்கள். இரண்டு நூலிலும் அண்ணன்மார் பொறாமையில் தம்பி யோசேப்பை ஒழித்துவிட்டு, அவர் சட்டையில் ரத்தத்தைத் தடவி, மிருகம் தின்றுவிட்டது என்று அப்பாவை ஏமாற்றுகிறார்கள். அதுவரை ஒன்று. பிறகு எகிப்தில் எஜமானின் மனைவி யோசேப்பு மேல் வீண்பழி போடுகிறாள். பைபிளில் அவர் விட்டுவிட்டு ஓடிய மேலாடையே அவருக்கு எதிரான சாட்சியாகிச் சிறைக்கு அனுப்புகிறது. குர்ஆனில் சட்டை பின்பக்கம் கிழிந்திருப்பதைப் பார்த்து அவர்மேல் குற்றமில்லை என்று தெரிந்துகொள்கிறார்கள். ஆனாலும் சிறைக்குப் போகிறார். கடைசியில் அழுது அழுது கண் போன அப்பாவின் முகத்தில் யூசுஃபின் சட்டையைப் போட்டதும் பார்வை திரும்புகிறது. பைபிளில் அது கிடையாது. பைபிளில் இருப்பது அந்த அண்ணன்மாரில் ஒருவரான யூதாவின் பேச்சு. கடைசித் தம்பி பென்யமினை விட்டுவிடுங்கள், அவனுக்குப் பதில் நான் அடிமையாக இருக்கிறேன் என்று, எகிப்தில் பெரிய அதிகாரியாகிவிட்ட யோசேப்பிடமே, ஆள் யாரென்று தெரியாமல் அவர் கெஞ்சும் இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அதனால் "எல்லா மதமும் ஒன்றுதான்" என்று சொல்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள், ஆனால் படித்துவிட்டுச் சொல்லவில்லை. கடவுள் யாரையும் பெறவில்லை, யாராலும் பெறப்படவும் இல்லை என்கிறது குர்ஆனின் 112ஆவது அத்தியாயம். நான் கும்பிடுவது சிவனுடைய பிள்ளையை. வித்தியாசம் இருக்கிறது, இருக்கட்டும். பாய் எதை நம்புகிறார் என்று தெரிந்த பிறகுதான் அவரோடு மனம் விட்டுப் பேச முடிந்தது. குற்றம் கண்டுபிடிக்கப் படிப்பவர்கள் இதற்கு நேர் எதிர்ப்பக்கம். ஒரு வரியை வெட்டி வாட்ஸ்அப்பில் அனுப்புவதோடு அவர்கள் படிப்பு முடிந்துவிடும்.

இன்னொன்று, பூண்டுக்காரன் என்பதால் சொல்கிறேன். எகிப்தில் அடிமையாக இருந்து விடுதலையான இஸ்ரயேல் மக்கள், பாலைவனத்தில் கடவுள் கொடுத்த மன்னா என்ற உணவையே சாப்பிட்டு அலுத்துப்போய், எகிப்தில் தின்ற மீனையும் வெள்ளரியையும் வெங்காயத்தையும் பூண்டையும் நினைத்து அழுவது பைபிளில் எண்ணிக்கை நூல் 11ஆம் அதிகாரத்தில் வருகிறது. கீரை, வெள்ளரி, பருப்பு, வெங்காயம் கேட்டு அதே மக்கள் முறையிடுவது குர்ஆனில் 2ஆவது அத்தியாயத்தில் வருகிறது. அடிமையாக இருந்த ஊரில்கூட மனுஷனுக்குப் பூண்டு வேண்டியிருந்திருக்கிறது. இங்கே எங்கள் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கியும் என்ன பிரயோஜனம்? வெளிமாநிலப் பூண்டைக் குவித்து "கொடைக்கானல் மலைப்பூண்டு" என்று அட்டை எழுதி வைத்துச் சுற்றுலா வருபவர்களிடம் விற்கிறார்கள். நாங்கள் குளிரில் மண்வெட்டி பிடித்து எடுத்த பெயர் அது. இதை யாரிடம் போய்ச் சொல்வது என்றே தெரியவில்லை. கேள்விக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லைதான், மன்னிக்கவும், வாய்க்கு வந்துவிட்டது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நம்பிக்கை ஆட்டம் காணாது. முதலில் உங்கள் நூல் ஒன்றைப் பொருள் தெரிந்து முழுசாகப் படித்துவிடுங்கள், சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. மற்றதை, அதை நம்பி வாழ்கிற ஒருவரிடமிருந்து கேட்டு வாங்குங்கள்; சந்தேகம் வந்தால் அவரிடமே கேளுங்கள். வீட்டில் சண்டை வேண்டாம். பெரியப்பாவுக்காக நான் புத்தகத்தைச் சாமி அலமாரியிலிருந்து எடுத்து வேறு அலமாரியில் வைத்துவிட்டேன், படிப்பதை நிறுத்தவில்லை. எங்கே தொடங்குவது என்றால் யோசேப்புதான். பைபிளில் தொடக்கநூல் 37 முதல் 50 வரை, குர்ஆனில் 12ஆவது அத்தியாயம். நடுவில் 38ஆம் அதிகாரம் யூதாவின் வேறு கதை மாதிரி இருக்கும், தாண்டிப் போகாதீர்கள். 44இல் அவர் கெஞ்சும்போது அது தேவைப்படும்.