இரவு இரண்டு மணி ரீடிங்

அன்புள்ள ஐயா,

மன்னார்குடிக்குப் பக்கத்தில் விவசாயம் பார்க்கிறேன். பொறியியல் படித்தவன். சூரியனிலிருந்து பெரிய காந்தப் புயல் வரப்போகிறது, மாதக்கணக்கில் மின்சாரம் இருக்காது என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஓயாமல் செய்தி வருகிறது. 1989இல் கனடாவின் கியூபெக்கில் அப்படி நடந்ததாம். குறுவைக்கு நாங்கள் பம்புசெட்டைத்தான் நம்பியிருக்கிறோம். டெல்டாவிலும் அப்படி நடக்குமா? டீசல் இன்ஜின் வாங்கி வைக்கலாமா? கிரகணத்தைக் கணிக்கும் நம் பஞ்சாங்கத்தில் இதற்குக் குறிப்பு உண்டா? நீங்கள் ஏன் அறிவியல் எழுதுவதில்லை?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கடைசி இரண்டு கேள்விகளையும் முதலில் ஒதுக்கிவிடுகிறேன். சூரியனும் சந்திரனும் ஒழுங்காக நடப்பதால் கிரகணம் கணக்கில் அடங்கும். சூரியனின் மேற்பரப்பில் வெடிப்பது அப்படி அடங்காது; ஆகவே பஞ்சாங்கத்தை விட்டுவிடுங்கள். நான் அறிவியல் எழுதுவதில்லை என்கிறீர்கள். தளத்தில் தேடிப் பார்க்கவில்லை என்று தெரிகிறது, போகட்டும்.

கியூபெக் செய்தி உண்மைதான். 1989 மார்ச் 13 அதிகாலை, ஒன்றரை நிமிடத்தில் மின்தொகுப்பு முழுவதும் சரிந்தது. அறுபது லட்சம் பேர் இருட்டில் இருந்தார்கள், சுமார் ஒன்பது மணி நேரம். இந்த ஒன்பது மணி நேரத்தைத்தான் உங்கள் குழு மாதக்கணக்காக்கிவிட்டது. அனுப்பியவர் இருக்கட்டும், பொறியியல் படித்த நீங்கள் அதைப் படித்துவிட்டுச் சும்மா இருந்தீர்களா?

சூரியன் வீசியெறிந்த மின்துகள் மேகம் பூமியின் காந்தப்புலத்தில் வந்து மோதி அதை உலுக்குகிறது. அந்த ஆட்டத்தால் நிலத்தில் மின்னழுத்தம் உண்டாகிறது. கியூபெக்கின் அடியில் இருப்பது பழைய, கெட்டியான பாறை. மின்னோட்டம் அதற்குள் எளிதில் போக முடியாமல், எர்த் வழியாக டிரான்ஸ்பார்மருக்குள் ஏறி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளும் உயரழுத்தக் கம்பிகளில் ஓடியது. ஏறக்குறைய ஒரே திசையில் ஓடும் மின்சாரம் அது. மாறுதிசை மின்சாரத்துக்காகச் செய்த இரும்புக் கரு அதைத் தாங்காமல் திணறும், சூடேறும், இரையும். அதனால் எழுந்த குழப்பத்தில், மின்னழுத்தத்தைச் சமன்செய்ய வேண்டிய கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாக விலகிக்கொண்டன.

நாம் துருவத்துக்கு வெகுதூரத்தில் இருக்கிறோம். காலடியில் காவிரி கொண்டுவந்து போட்ட ஈர வண்டல், மின்சாரத்தைத் தனக்குள்ளேயே கடத்திவிடும். 2003க்குப் பிறகு வந்த மிகப் பெரிய காந்தப் புயல் 2024 மே மாதத்தில் அடித்தது; லடாக்கின் ஹான்லேயில் வானம் சிவந்தது. அன்றிரவு உங்கள் ஊரில் மின்சாரம் போயிருந்தால் கம்பியில் தென்னை மட்டை விழுந்திருக்கும்.

நமக்குத் தொல்லை வருமென்றால் விண்வெளி வழியாக வரும். அதே மே மாதத்தில் அமெரிக்காவில் விதைப்பு நடந்துகொண்டிருந்தபோது, ஜிபிஎஸ் பார்த்து வரிசை பிடிக்கும் டிராக்டர்கள் தடுமாறி நின்றன. 2022 பிப்ரவரியில் ஒரு சுமாரான புயலே மேல் காற்றுமண்டலத்தைச் சூடாக்கி அடர்த்தியாக்கியது. புதிதாக ஏவிய 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் 38 அந்த இழுவையில் சிக்கி வீணாயின. நாகப்பட்டினத்துப் படகில் இருக்கும் ஜிபிஎஸ்ஸுக்குப் புயல்கூட வேண்டியதில்லை. காந்த நடுக்கோட்டை ஒட்டிய நம் வானில், பொழுது சாய்ந்த பிறகு அயனிமண்டலத்தில், அதாவது மேல் காற்றின் மின்னேறிய அடுக்கில், குமிழிகள் எழுவதுண்டு. அவை செயற்கைக்கோள்களின் சமிக்ஞையைக் கலைத்துவிடும். கடல் எல்லைக் கோட்டுக்குப் பக்கத்தில் மீன்பிடிப்பவர்களைக் கேட்டால் அந்தத் தடுமாற்றம் எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்வார்கள்.

இதற்கெல்லாம் பதில் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. டிரான்ஸ்பார்மர் இரையும் என்று எழுதினேன் அல்லவா? என் பெரியப்பா கும்பகோணம் பக்கம் ஒரு துணை மின்நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தார். கொஞ்ச நாட்களாக அவர் நினைவாகவே இருக்கிறது. மணிக்கொரு முறை வோல்ட், ஆம்பியர், எண்ணெய்ச் சூடு எல்லாவற்றையும் லாக் புத்தகத்தில் எழுத வேண்டும். எழுதுவதற்கு முன் டிரான்ஸ்பார்மர் பக்கமாக ஒரு நடை போய்வருவார். சத்தம் மாறியிருந்தால் மீட்டரைப் பார்ப்பதற்கு முன்பே நெற்றியைச் சுருக்குவார்.

ஒருமுறை இரவுப் பணிக்கு வந்த இளைஞர், விடியும்வரைக்குமான ரீடிங்கைப் பத்து மணிக்கே எழுதிவைத்துவிட்டுப் படுத்துவிட்டார். எண்களில் குறையே சொல்ல முடியாது. எண்ணெய்ச் சூடு நள்ளிரவுக்குப் பிறகு ஒவ்வொரு டிகிரியாக அழகாக இறங்கியிருந்தது. ஒன்றரை மணிக்கு ஒரு ஃபீடர், அதாவது ஊர்களுக்கு மின்சாரம் கொண்டுபோகும் ஒரு தடம், டிரிப் ஆகி மூன்று மணிவரை வரவில்லை. இரண்டு மணிக் கட்டத்தில் அந்த ஃபீடருக்கு நேராக நாற்பது ஆம்பியர்! பெரியப்பா மேலதிகாரியிடம் போகவில்லை. ஆனால் ஒரு வாரம் அந்தப் பையனோடு பேசவில்லை. வீட்டில் சாப்பிடும்போது மட்டும் “எழுதாமல் விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை” என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

இதை ஏன் இழுக்கிறேன் என்றால், காந்தப் புயல்களைப் பற்றி உலகத்துக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி இப்படி ரீடிங் எழுதியவர்கள் தந்தது. 1859 செப்டம்பர் 1 அன்று இங்கிலாந்தில் ரிச்சர்ட் கேரிங்டன் சூரியனில் ஒரு வெண்ணொளி வெடிப்பைக் கண்டார். மறுநாள் வந்த புயலில் சில ஊர்களில் பேட்டரியைக் கழற்றிவிட்டே தந்தி அனுப்ப முடிந்தது. ஐரோப்பாவில் பதிவுக் கருவிகள் அளவு தாண்டி ஓடிவிட்டன. அந்தப் புயலின் வலிமையை மதிப்பிட இன்றும் எடுத்துப் பார்ப்பது பம்பாய் கொலாபா காந்த ஆய்வுக்கூடத்தின் பதிவேட்டை. அங்கே கண்ணால் பார்த்துக் கையால் குறித்தார்கள். வழக்கமாக மணிக்கொரு முறை, குழப்பம் கூடியதும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை. பூமியின் காந்தப்புலத்தில் சுமார் 1,600 நானோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) இறக்கம் என்ற எண் அப்படிக் கிடைத்தது. அன்று ஒருவர் பத்து மணிக்கே எழுதிவைத்துவிட்டுத் தூங்கியிருந்தால்? பிற்பாடு பம்பாயில் மின்சார டிராம் வரப்போகிறது, அளவு கெட்டுவிடும் என்று 1904இல் அலிபாகில் புதிய ஆய்வுக்கூடமே அமைத்தார்கள். அந்தப் பிடிவாதத்துக்கு நான் கும்பிடு போடுவேன். கொடைக்கானலில் நூறாண்டுக்கும் மேலாகச் சூரியனைப் படமெடுத்து வருகிறார்கள். பதினைந்து லட்சம் கிலோமீட்டர் தள்ளி நிற்கும் நம் சூரிய ஆய்வு விண்கலம் ஆதித்யா-எல்1 பார்ப்பதும் அதே ஆபரேட்டர் வேலைதான்.

நீங்கள் என்ன எழுதி வைத்திருக்கிறீர்கள்? உங்கள் வயல் டிரான்ஸ்பார்மரின் எர்த் பைப் எங்கே புதைந்திருக்கிறது தெரியுமா? கோடையில் அந்தக் குழிக்கு யாராவது தண்ணீர் ஊற்றுகிறார்களா? இரண்டு பேஸில் மோட்டாரை ஓட்டக் கண்டென்சர் போட்டிருப்பீர்கள், அப்படி எத்தனை முறை காயில் கட்டினீர்கள், எந்தெந்தத் தேதியில்? சூரியனைப் பற்றிக் கேட்க வந்தவரிடம் இதைக் கேட்கிறேனே என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். நாற்று காயும்போது மின்சாரம் இல்லையென்றால் வயிறு எப்படி எரியும் என்று எனக்கும் தெரியும்.

டீசல் இன்ஜின் வாங்குங்கள், தவறில்லை. 2018 நவம்பரில் கஜா அடித்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. ஜெனரேட்டரை வாடகைக்குப் பிடித்து மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றிய ஊர்கள் உங்கள் பக்கத்தில்தான் இருக்கின்றன. வாங்கினால் கொட்டகையில் சாக்குப் போட்டு மூடிவைக்காமல் வாரம் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஓட்டிய பிறகு தேதி போடுங்கள், ஓட்டுவதற்கு முன்பே போட்டுவிடாதீர்கள்.