வேர்வையில் போய்விடுமா?

கேள்வி: என் மகனுக்கு 16 வயது, பிளஸ் ஒன் படிக்கிறான். மாவட்ட அளவில் கால்பந்து ஆடுகிறவன். போன வாரம் அவன் காலில் கட்டிக்கொண்டு ஆடுகிற காப்பான ஷின் கார்டைத் துவைக்க எடுத்தபோது உள்ளே கஞ்சாப் பொட்டலம் இருந்தது. ஏழெட்டு மாதமாக, வாரத்தில் மூன்று நான்கு நாள் என்று ஒப்புக்கொண்டான். "தினம் ரெண்டு மணி நேரம் ஓடுறேன்மா, எல்லாம் வேர்வையில போயிடும்" என்கிறான். கிரவுண்டுக்குப் போய்த்தான் கெட்டான் என்று அவன் அப்பா பூட்ஸைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். "மூளை செத்துப்போகும்" என்று தினமும் ஒரு வாட்ஸ்அப் வீடியோ காட்டுகிறார். எங்களுக்குத் திராட்சைத் தோட்டம்தான் பிழைப்பு. என் தம்பிகூட ஒரு காலத்தில் மனசு சரியில்லாமல் மாத்திரை சாப்பிட்டான். யார் சொல்வது சரி?
– பெயர் வேண்டாம், கம்பம்

பதில்: இரண்டு பேர் சொல்வதும் தப்பு. முதலில் பூட்ஸை வெளியே எடுங்கள், அப்புறம் பேசுவோம்.

நான் மனநலப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கபடி ஆடுகிற ஒரு பையனை இதே காரணத்துக்காக அழைத்து வந்தார்கள். "கொஞ்ச நாள் வீட்டோட வச்சிருங்க" என்று அவன் அப்பாவிடம் சொன்னேன். மூன்று மாதம் கழித்து வந்தபோது கபடி நின்றிருந்தது, கஞ்சா நிற்கவில்லை. சாயங்காலம் நாலு மணியிலிருந்து ஏழு மணி வரை அவனுக்கு ஒரு வேலையும் இல்லாமல் செய்தவள் நான்தான். அதற்குப் பிறகு எந்தப் பிள்ளையையும் மைதானத்திலிருந்து நிறுத்தச் சொன்னதில்லை. கூட்டாளி சரியில்லை என்றால் டீமை மாற்றுங்கள், ஆட்டத்தை விடவைக்காதீர்கள்.

இப்போது உங்கள் மகனின் வேர்வைக் கணக்கு. கஞ்சாவில் போதை தருவது டி.ஹெச்.சி. என்ற பொருள். அது தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். நெய்ப் பாத்திரத்தை வெறும் தண்ணீரில் அலசினால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். உடம்பின் கொழுப்பில் போய் ஒட்டிக்கொள்ளும், கல்லீரல் கொஞ்சம் கொஞ்சமாக உடைக்கும், பெரும்பகுதி மலத்திலும் மீதி சிறுநீரிலும் போகும். அடிக்கடி இழுப்பவருக்கு இது வாரக்கணக்கில் நடக்கும். வேர்வையில் போவது கணக்கில் சேராது.

ஆனால் ஓட்டத்துக்கும் கஞ்சாவுக்கும் வேறொரு உறவு இருக்கிறது. அவனிடம் சொல்ல வேண்டியது அதைத்தான். டி.ஹெச்.சி. போய் உட்காருகிற பூட்டுகள் நம் மூளையில் பிறவியிலேயே உண்டு. அவற்றுக்கு உடம்பே செய்துகொள்ளும் சாவி ஒன்றை 1992-இல் ரஃபேல் மெக்கூலம் என்ற இஸ்ரேல் விஞ்ஞானியின் குழு கண்டுபிடித்தது. வைத்த பெயர் அனந்தமைடு. ஆமாம், நம் 'ஆனந்தம்'தான், சமஸ்கிருதத்திலிருந்து எடுத்தார்கள். 2003-இல் அமெரிக்காவில் ஜார்ஜியா டெக்கில் 24 கல்லூரி மாணவர்களில் சிலரை 50 நிமிடம் ஓடவும் சிலரை சைக்கிள் மிதிக்கவும் விட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அனந்தமைடு ஏறியிருந்தது. மூச்சு வாங்க ஆடிவிட்டு வந்து உட்காரும்போது ஒரு லேசான சுகம் வருமே, அதில் இதற்கும் பங்கு இருக்கிறது என்று நினைக்கிறார்கள். பொட்டலத்தில் தேடுவதன் ஒரு பங்கை அவன் ஏற்கெனவே தன் காலாலேயே சம்பாதித்துக்கொண்டிருக்கிறான்.

விடுவதற்கு ஓட்டம் உதவுமா என்றும் பார்த்திருக்கிறார்கள். வான்டர்பில்ட் பல்கலைக்கழகம் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், கஞ்சாவை விடும் எண்ணமே இல்லாத 12 பேர் இரண்டு வாரத்தில் 10 தடவை, தடவைக்கு 30 நிமிடம் டிரெட்மில்லில் நடந்தார்கள், ஓடினார்கள். அந்த நாட்களில் அவர்கள் புகைத்தது பாதிக்கும் கீழே இறங்கியது. வெறும் 12 பேர், அவர்களும் பெரியவர்கள், ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லை. அதனால் இதை மருந்துச் சீட்டாக எழுதிக் கொடுக்க மாட்டேன். பூட்டிய பீரோவைத் திறக்க இது போதும்.

மூளை விஷயம். கவாத்து என்றால் என்னவென்று திராட்சைத் தோட்டக்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை. பதின்ம வயதில் மூளையும் தன்னைக் கவாத்து செய்துகொள்கிறது. வேண்டாத இணைப்புகளைக் கழித்து, வேண்டியதைத் தடிப்பாக்குகிறது. நெற்றிக்குப் பின்னால் இருக்கிற, யோசித்து முடிவெடுக்கிற பகுதியில் இந்த வேலை முடிய ஏறத்தாழ 25 வயது ஆகும். எதை வெட்டுவது, எதை விடுவது என்பதில் மேலே சொன்ன சாவி–பூட்டு அமைப்புக்கும் கை உண்டு. அந்த நேரத்தில் வெளியிலிருந்து டி.ஹெச்.சி. கொட்டுவது, கத்திரி பிடித்தவன் கையைத் தட்டிவிடுவது போல. கத்திரி எங்கே படும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

ஆனால் "மூளை செத்துப்போகும்" என்று சொல்லாதீர்கள். பையன் போனில் தேடிப் பார்த்து அப்பாவை மடக்கிவிடுவான். நியூசிலாந்தின் டனீடினில் 1,037 குழந்தைகளை 38 வயது வரை தொடர்ந்ததில், பதின்ம வயதில் ஆரம்பித்து விடாமல் புகைத்தவர்களுக்கு ஐ.க்யூ. 8 புள்ளி வரை குறைந்திருந்தது. பின்னால் இரட்டையரை ஒப்பிட்டபோது, புகைத்தவருக்கும் புகைக்காத உடன்பிறப்புக்கும் அப்படி வித்தியாசம் தெரியவில்லை. சண்டை இன்னும் ஓடுகிறது. அதைவிட நல்ல செய்தி ஒன்று சொல்கிறேன். பாஸ்டனில் 16 முதல் 25 வயது வரையிலான 88 பேரில் ஒரு பகுதியினரை ஒரு மாதம் நிறுத்தவைத்தார்கள். புதிதாகக் கற்பதை நினைவில் வைக்கும் திறன் அவர்களுக்குக் கூடியது, அதுவும் பெரும்பாலும் முதல் வாரத்திலேயே. பரீட்சைக்குப் படிக்கிற பையனிடம் எடுபடும் வாதம் இதுதான்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது உங்கள் கடிதத்தில் தம்பியைப் பற்றிய வரி. தம்பி சாப்பிட்ட மாத்திரை எதற்கு? யாரோ தன்னைப் பற்றிப் பேசுவதாக, காதில் குரல் கேட்பதாகச் சொன்னாரா? கூச்சப்படாமல் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்வீடனில் ராணுவத்துக்கு ஆளெடுத்தபோது விசாரித்த 45,570 இளைஞர்களை 15 வருடம் தொடர்ந்து பார்த்து, 1987-இல் வெளியிட்டார்கள். 50 தடவைக்கு மேல் கஞ்சா புகைத்திருந்தவர்களுக்கு மனச்சிதைவு நோய் வந்த விகிதம் 6 மடங்கு. இதில் கஞ்சாவின் பங்கு எவ்வளவு என்பதில் வாதம் உண்டு. ஆனால் தாய்மாமனுக்கு அந்த நோய் இருந்திருந்தால், அந்த வீட்டுப் பிள்ளை வாதம் முடியும் வரை காத்திருக்கக் கூடாது. வாரத்தில் ஒரு தடவைகூட வேண்டாம். காரணமில்லாத சந்தேகம், தனியாகப் பேசுவது, நாலைந்து ராத்திரி தூங்காமல் நடமாடுவது, இதில் எது தெரிந்தாலும் அன்றைக்கே மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.

நிறுத்திய முதல் வாரம் எரிந்து விழுவான், சோறு இறங்காது, தூக்கம் வராது, வந்தாலும் கண்டபடி கனவு வரும். இரண்டு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். அந்த இரண்டு வாரமும் காலையில் அப்பா அவனோடு மைதானத்துக்குப் போகட்டும். ஓட வேண்டாம், ஓரமாக உட்கார்ந்தால் போதும். வாட்ஸ்அப் பார்க்காமல். தனியாகச் சமாளிக்க முடியாவிட்டால் 14446-க்குப் பேசுங்கள், கட்டணமில்லாத போதை மீட்பு உதவி எண்.

கேள்வி: கஞ்சா சிவமூலிகைதானே டாக்டர்? செடியில் விளைவது எப்படிக் கெடுதலாகும்?
– கல்லூரி மாணவர், திருவண்ணாமலை

பதில்: ஊமத்தையும் சிவனுக்கு உகந்ததுதான். யாரும் பொரியல் வைப்பதில்லை.

கேள்வி: நான் தடகள வீரன், வயது 19. மூன்று வாரமாகக் கஞ்சாவைத் தொடவில்லை. போட்டிக்கு முன் ஜிம்மில் கடுமையாக உழைத்தால் டெஸ்டில் மாட்டாமல் தப்பலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: தலைகீழாகவும் நடக்கலாம். சிட்னியில் 14 பேரை 35 நிமிடம் சைக்கிள் மிதிக்கவிட்டதில், கொழுப்பு கரைந்து அதிலிருந்த டி.ஹெச்.சி. ரத்தத்தில் லேசாகக் கூடியது. லேசாகத்தான், போதை ஏறும் அளவுக்கு அல்ல. போட்டி நாளில் கஞ்சா தடை செய்யப்பட்ட பொருள். 2021-இல் அமெரிக்காவின் ஷக்காரி ரிச்சர்ட்சன் 100 மீட்டர் தகுதிப் போட்டியில் முதலாவதாக வந்தும், இதில் மாட்டி டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் போக முடியவில்லை. அவருக்குக் கிடைத்த தடை ஒரே ஒரு மாதம்தான்.