யூரின் கல்ச்சர்ல ரெண்டு கிருமி வந்திருக்கு, ரெண்டுக்கும் மருந்து வேணுமா?

கேள்வி: அப்பாவுக்கு 74 வயசு. ஸ்ட்ரோக் வந்ததுக்கு அப்புறம் நாலு மாசமா யூரின் டியூப் போட்டிருக்கோம். யூரின் கலங்கலா, நாத்தமா இருந்துச்சுன்னு பேக்ல இருந்து எடுத்து கல்ச்சர் (என்ன கிருமி இருக்குன்னு வளர்த்துப் பாக்குற டெஸ்ட்) குடுத்தோம், ரிப்போர்ட்ல புரோட்டியஸ், என்டரோகாக்கஸ்னு ரெண்டு கிருமி போட்டிருக்கு. காய்ச்சல் இல்ல. டியூப் மட்டும் அடிக்கடி அடைச்சுக்குது. ரெண்டுக்கும் தனித்தனியா ஆன்டிபயாட்டிக் குடுக்கணுமா டாக்டர்?

பதில்: முதல்ல பயப்படாதீங்க. டியூப் ஒரு மாசத்துக்கு மேல உள்ள இருந்தாலே கிட்டத்தட்ட எல்லாருக்கும் யூரின்ல கிருமி இருக்கும், அதுவும் ஒண்ணு இல்ல, ரெண்டு மூணு சேர்ந்தே இருக்கும். டியூபோட உள்பக்கம் வழவழன்னு ஒரு படலம் கட்டி அதுக்குள்ள உக்காந்துக்கும், மருந்து அங்க சரியா போய்ச் சேராது. அதனால காய்ச்சல், குளிர் நடுக்கம், இடுப்புக்கு மேல முதுகுப் பக்கம் வலி, திடீர்னு ஆள் குழம்பிப் பேசுறது இதெல்லாம் இல்லாம வெறும் கலங்கல், நாத்தத்துக்காக ஆன்டிபயாட்டிக் வேண்டாம். இதை அழுத்தியே சொல்றேன், ஏன்னா தேவையில்லாம குடுத்தா கிருமி ஒழியாது, அந்த மருந்துக்கு அடங்காத வேற கிருமி வந்து உக்காரும், நாளைக்கு நிஜமாவே இன்ஃபெக்‌ஷன் வர்றப்போ குடுக்க மருந்து இருக்காது.

இன்னொண்ணு, பேக்ல இருந்து எடுத்த சாம்பிளை நம்பவே முடியாது. பேக்ல மணிக்கணக்கா தேங்கி நிக்கிற யூரின்ல கிருமி தானா பெருகிடும். கல்ச்சர் தேவைப்பட்டா பழைய டியூபை எடுத்துட்டு புதுசு போட்டு, அதுல முதல்ல வர்ற யூரினைத்தான் பிடிக்கணும், ரெண்டு மணி நேரத்துக்குள்ள லேபுக்குப் போகணும், முடியலைன்னா ஃப்ரிட்ஜ்ல வைக்கணும்.

ஆனா நீங்க கடைசியா போறபோக்குல சொன்னீங்க பாருங்க, டியூப் அடைக்குதுன்னு, எனக்கு அதுதான் கவலை. புரோட்டியஸ் யூரின்ல இருக்கிற யூரியாவை உடைச்சு அம்மோனியா ஆக்கும், யூரினோட அமிலத்தன்மை போயிடும், உப்பெல்லாம் படிஞ்சு டியூப் ஓட்டையில வெள்ளையா, மணல் மாதிரி நறநறன்னு கட்டிக்கும். கூட என்டரோகாக்கஸ் இருந்தா இந்த வேலை இன்னும் வேகமா நடக்கலாம்னு ஆய்வுல பாத்திருக்காங்க. மூத்திரப்பையில கல்லும் உருவாகலாம், கல்லுக்குள்ள கிருமி ஒளிஞ்சுக்கிட்டா எத்தனை கோர்ஸ் மாத்திரை குடுத்தாலும் திரும்பத் திரும்ப வரும். அதனால யூராலஜிஸ்ட்கிட்ட காட்டி ஒரு அல்ட்ராசவுண்ட் எடுத்துடுங்க, டியூபை எத்தனை நாளைக்கு ஒருமுறை மாத்தணும்னு கேளுங்க, முக்கியமா டியூப் இனிமேலும் வேணுமான்னே கேளுங்க. எடுக்க முடிஞ்சா அதைவிட நல்ல வைத்தியம் இல்ல.

ஒருவேளை காய்ச்சலோட வந்தா அப்போ ரெண்டு கிருமியையும் கணக்குல எடுக்கணும். என்டரோகாக்கஸுக்கு செஃபலோஸ்போரின் வகை மருந்து எதுவும் கேக்காதுன்னே வெச்சுக்கலாம், புரோட்டியஸுக்கு நைட்ரோஃபுரான்டாயின்ங்கிற ஆன்டிபயாட்டிக் கேக்காது. ரெண்டு மருந்துதான் வேணும்னும் இல்ல, சில சமயம் ஒரே மருந்து ரெண்டுக்கும் கேக்கும், அதை ரிப்போர்ட்ல இருக்கிற சென்சிடிவிட்டிய, அதாவது எந்த மருந்துக்கு எந்தக் கிருமி அடங்கும்ங்கிற பட்டியலைப் பாத்து டாக்டர் முடிவு பண்ணுவாங்க, வீட்ல மிச்சம் இருக்கிற மாத்திரையக் குடுத்துடாதீங்க.

பேக் எப்பவும் மூத்திரப்பைக்குக் கீழ தொங்கணும், ஆனா தரையில படக்கூடாது. பேக்ல யூரினே இறங்காம அடிவயிறு உப்பி அவர் வலியில நெளிஞ்சாலோ, காய்ச்சலும் நடுக்கமும் வந்தாலோ காலையில பாத்துக்கலாம்னு இருக்காம அப்பவே எமர்ஜென்சிக்குக் கூட்டிட்டுப் போங்க.