கட்டுரை முழுக்கத் திருத்தங்களோடு திரும்பி வந்தால்: ஒரு தாய்க்குப் பதில்

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தோடு மகளின் கட்டுரையையும் இணைத்திருந்தீர்கள். பத்திரிகையின் துணை ஆசிரியர் போட்ட திருத்தங்களும் அதில் அப்படியே இருந்தன. இரண்டையும் படித்தேன். "ஒரு வரிகூட விடாமல் அடித்துவிட்டார்கள், பிள்ளை அழுதுகொண்டே இருக்கிறாள், இந்தத் துறையே வேண்டாம் என்று சொல்லிவிடவா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் அம்மா, இப்போதைக்கு எதையும் சொல்லிவிடாதீர்கள்.

எடுபடாத கட்டுரை என்றால் பத்திரிகை அலுவலகத்தில் யாரும் அதில் கை வைக்கவே மாட்டார்கள். பெரும்பாலும் பதில்கூட வராது. தென்காசிப் பக்கம் பீடி சுற்றும் பெண்களைப் பற்றி உங்கள் மகள் எழுதியதை ஒருவர் வரி வரியாகப் படித்து ஓரத்தில் கேள்வியும் எழுதியிருக்கிறார். முன்பின் தெரியாத ஒரு பெண்ணுக்காக இவ்வளவு மெனக்கெட்டிருக்கிறாரே!

திருத்தங்கள் எல்லாம் ஒரே ரகம் இல்லை. முக்கால்வாசி ஒற்றுப்பிழை, ஒருமை-பன்மை மயக்கம், அந்தப் பத்திரிகை எண்களையும் ஊர்ப் பெயர்களையும் எழுதும் முறை. இவற்றுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடக் கூடாது. 'வாணி' போன்ற பிழைதிருத்தியில் ஒருமுறை போட்டுப் பார்த்து அனுப்பியிருந்தால் இவற்றில் பெரும்பகுதி வந்தே இருக்காது. க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியை வாங்கி மேசையில் வைக்கச் சொல்லுங்கள். மொழி அறக்கட்டளையின் தமிழ் நடைக் கையேடு நூலகத்தில் கிடைத்தால் அதையும் புரட்டட்டும். இந்தப் பேச்சு இதோடு போதும்.

கவனிக்க வேண்டியது ஓரத்தில் இருக்கும் கேள்விகளை. மகள் இப்படி எழுதியிருக்கிறாள்: "பீடித் தொழிலாளர்களால் பல்வேறு உடல்நலச் சிக்கல்கள் எதிர்கொள்ளப்பட்டு வருகின்றன." துணை ஆசிரியர் அதை அடித்துவிட்டு, "யாருக்கு, எங்கே வலி? ஒருவரையாவது பேச விடுங்கள்" என்று எழுதியிருக்கிறார். எனக்கு அந்தக் கட்டுரையிலேயே பிடித்த இடம் அதுதான். உங்கள் வீட்டுத் திண்ணையிலேயே தட்டை மடியில் வைத்துக்கொண்டு சுற்றுகிறவர்கள் இருக்கிறார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவர்களுடைய கழுத்து வலியும் இருமலும் அவளுக்குத் தெரியாததா? தெரிந்ததை விட்டுவிட்டு அரசாணை மாதிரி ஒரு வாக்கியத்தை எழுதிவிட்டாள். பன்னிரண்டு வருடம் பரீட்சைக்கு எழுதிப் பழகிய கை அப்படித்தான் எழுதும். நம் பள்ளிக்கூடங்களில் விடைத்தாளுக்கு மதிப்பெண் வரும், "இதை ஏன் இப்படி எழுதினாய்" என்ற கேள்வி வராது. அவள் வாழ்க்கையில் அப்படிக் கேட்ட முதல் ஆள் இவராக இருக்கலாம்.

பேர் பெற்ற எழுத்தாளர்களுக்கும் இது நடந்திருக்கிறது. அமெரிக்காவின் ஹார்ப்பர் லீ 1957-ல் தன் முதல் நாவலின் கைப்பிரதியை லிப்பின்காட் பதிப்பகத்திடம் கொடுத்தார். அங்கே ஆசிரியராக இருந்த டே ஹோஹாஃப் என்ற அம்மையாருக்கு அதில் சிறுவயது நினைவுகள் வரும் பகுதிகள்தான் பிடித்திருந்தன. அந்தச் சிறுமியின் பார்வையிலேயே ஒரு நாவல் எழுதலாமே என்றார். லீ இரண்டு வருடத்துக்கு மேல் உட்கார்ந்து மாற்றி மாற்றி எழுதினார். 1960-ல் வந்த அந்த நாவலுக்கு அடுத்த வருடமே புலிட்சர் பரிசு கிடைத்தது. பழைய கைப்பிரதியும் 2015-ல் புத்தகமாக வந்துவிட்டதால் இரண்டையும் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது. ஹோஹாஃப் அவருக்காக நாவலை எழுதிக் கொடுக்கவில்லை. எது உயிரோடு இருக்கிறது என்று காட்டினார், எழுதியது லீதான்.

அதற்காகச் சொன்னதையெல்லாம் தலையாட்டி ஏற்க வேண்டும் என்றும் இல்லை. பாட்டி பேசும் இடத்தில் "அவுக வரச் சொன்னாக" என்று இருந்ததை "அவர்கள் வரச் சொன்னார்கள்" என்று மாற்றியிருக்கிறார்கள். இதை மகள் மறுக்கலாம், மறுக்கத்தான் வேண்டும். ஒருவர் வாயிலிருந்து வந்த பேச்சு அது. திருத்தத்தில் தகவல் பிசகினாலும், ஆள் பெயரோ ஊரோ மாறிப்போனாலும் உடனே சொல்லிவிட வேண்டும். அச்சில் அவள் பெயர்தான் வரும். மற்றபடி ஒரு வாக்கியம் அழகாக இருக்கிறது என்பதற்காக மட்டும் சண்டை போட வேண்டாம். எனக்குத் தெரிந்து அப்படிப்பட்ட வாக்கியங்களில் பாதி வெட்டப்பட வேண்டியவைதான்.

பதில் எழுதும்போது புலம்பலும் வேண்டாம், வாதமும் வேண்டாம். இப்படி எழுதினால் போதும்: "வணக்கம் சார். திருத்தங்களைப் பார்த்தேன், நன்றி. மூன்றாவது பத்தியில் கேட்ட விவரத்துக்காக இருவரிடம் பேசிவிட்டு வெள்ளிக்கிழமை திருத்திய பிரதியை அனுப்புகிறேன். பாட்டியின் பேச்சை மட்டும் வட்டார வழக்கிலேயே விடலாமா?" வெள்ளி என்று சொன்னால் வெள்ளிக்கிழமையே போய்ச் சேர வேண்டும். யூனிகோடு எழுத்துருவில் போக வேண்டும். பழைய எழுத்துருவில் அனுப்பி, அங்கே கட்டம் கட்டமாகத் தெரிந்தால் பாதி நல்ல பெயர் அங்கேயே போய்விடும். திருத்தம் வந்த அன்றே பதில் எழுத உட்கார வேண்டாம். ஒரு இரவு போகட்டும்.

அப்பா அரசுத் தேர்வுக்குப் படிக்கச் சொல்கிறார் என்கிறீர்கள். படிக்கட்டுமே. குரூப் 1, குரூப் 2 முதன்மைத் தேர்வுகளில் விரித்துத்தான் எழுத வேண்டும். "யாருக்கு, எங்கே, எவ்வளவு" என்று தன்னையே கேட்டு எழுதப் பழகியவளுக்கு அங்கே கை ஓடும். அதோடு, திருத்துவதே ஒரு பிழைப்புதான். நாளிதழ், பதிப்பகம், பாடநூல், மொழிபெயர்ப்பு, படங்களுக்கு வசன வரி என்று எல்லா இடத்திலும் பிரதியைச் செம்மையாக்க ஆள் தேவைப்படுகிறது. முதல் சில வருடங்கள் சம்பளம் பெரிதாக இருக்காது. அதை மறைத்து உங்களுக்கு ஆசை காட்ட மாட்டேன். பட்டம் முடிவதற்குள் பத்திரிகைகளின் மாணவப் பயிற்சித் திட்டங்களுக்கு விண்ணப்பித்துப் பார்க்கட்டும். கையில் வேறு வேலை இருக்கும்போதே இதையும் தொடரலாம்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. "பணம் கட்டுங்கள், எடிட் செய்து புத்தகமாகவே போட்டுத் தருகிறோம்" என்று யாராவது பேசினால் கொஞ்சம் பொறுங்கள். முதலில் நாலு பக்கத்தைத் திருத்திக் காட்டச் சொல்லுங்கள். ஒற்றுப்பிழையைத் தவிர வேறு எதையும் தொடவில்லை, ஒரு கேள்வியும் கேட்கவில்லை என்றால் அந்தப் பணத்துக்கு நல்ல புத்தகங்களாக வாங்கிக் கொடுத்துவிடலாம்.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். மகள் சார்பில் அந்தப் பத்திரிகைக்குப் போன் செய்யப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். செய்யாதீர்கள். அதற்குப் பதிலாக, திண்ணையில் பீடி சுற்றும் அக்காக்களிடம் அவள் பேசப் போகும்போது கூடப் போய் உட்காருங்கள். உங்கள் முகத்தைப் பார்த்தால் அவர்கள் இன்னும் கொஞ்சம் மனம் விட்டுப் பேசுவார்கள்.